மூன்று இசட்

ஷெப்கோவிச் என்று வாயால் சொல்வது எளிது.
ஊசியால் சொல்லிப் பாருங்கள்.
பன்னிரண்டு எழுத்து, அதில் மூன்று இசட்.
ஒரு தோளில் தொடங்கி மறு தோளில் முடியும்,
பிறைபோல வளைத்தால்தான் முதுகில் அடங்கும்.
எழுத்துக்கு ஒன்றே முக்கால் டாலர்.
சின்னப் பெயராகப் பார்த்து ஆள் எடுக்கக் கூடாதா என்று
முனகிக்கொண்டே கையெழுத்துப் போடுவார்
டொலீடோ அணியின் கணக்கர்.

என் தகர டப்பாவில் இசட்டுக்கு எப்போதும் பஞ்சம்.
'என்'னைப் புரட்டிப் படுக்கவைத்தால் இசட்,
கொஞ்சம் அகலம் கூடும், அவ்வளவுதான்.
கேலரியில் பீர் குடிப்பவர்கள்
பிட்சரின் முதுகை அளந்தா பார்க்கிறார்கள்?

அவன் பார்த்தான்.
வந்த முதல் நாளே சட்டையைத் தூக்கிப் பிடித்து
"வெர்னா, கடைசி இசட் மட்டும்
நன்றாகச் சாப்பிட்டிருக்கிறது" என்றான்.

நான்கு முறை தைத்தேன், நான்கு முறை பிரித்தேன்.
ஒருமுறை அவனைக் கொடுத்து
ஒரு ஷார்ட்ஸ்டாப்பும் கொஞ்சம் பணமும் வாங்கினார்கள்.
ஒருமுறை, தோளில் ஐஸ் கட்டிக்கூட உருகாத நேரம்,
மேனேஜர் அறைக்குள் கூப்பிட்டு
கதவைச் சாத்திக்கொண்டு வா என்றார்.
அந்தக் கதவு திறக்குமுன்
பாதிப் பெயரைப் பிரித்திருந்தேன்.
எனக்கு எதுவும் முந்தியே தெரிந்துவிடும்.
பிரிப்பவளிடம்தான் முதலில் சொல்வார்கள்.

விசிட்டா. எர்மோசீயோவில் குளிர்கால ஆட்டம்,
சம்பளம் உறையில், எண்ணினால் ஒரு நோட்டு குறையும்.
தைச்சுங்கிலிருந்து அஞ்சலட்டை போட்டான்:
"என் பெயரை மூன்றே எழுத்தில் முடித்துவிட்டார்கள்.
இங்கே நீ பட்டினிதான்."

பெரிய லீக் இரண்டே முறை.

முதல் முறை மூன்று பேருக்கு வீசினான்.
மூவரும் அடித்தார்கள்,
மூவரும் ஓடி வீடு சேர்ந்தார்கள்.
மறுநாள் காலை விமானத்தில் இவனும்.
கொடுத்த ஓட்டத்தை
வீழ்த்திய ஆட்களைக் கொண்டு வகுப்பார்கள்.
யாரையும் வீழ்த்தாதவனுக்கு என்ன வகுத்தல்?
அவன் பெயருக்கு நேரே எண் போடவில்லை,
படுத்துக்கிடக்கும் ஓர் எட்டு.
ஆறு வருடம் அது எழுந்திருக்கவில்லை.

"படுக்கவைப்பது உன் தொழில்தானே,
இதை நிமிர்த்தித் தாயேன்" என்றான் ஒருநாள்
சிரிக்காமல்.
பதில் தெரியாமல் நூலைப் பல்லால் கடித்தேன்.

முப்பத்துநான்காம் வயதில், ஆகஸ்டில்,
யாருக்கோ முழங்கை பழுதாகி
நள்ளிரவில் இவனைக் கூப்பிட்டார்கள்.
பெயர் தைக்க நேரமில்லை,
எண் மட்டும் போட்ட சட்டை.
ஒரே ஒருவனுக்கு வீசினான்.
கடைசி அடியில் அமுங்கி இறங்கும் அந்தப் பந்து,
அவனிடம் இருந்த ஒரே சொத்து,
மட்டையின் கீழ் விளிம்பில் பட்டு
இரண்டாம் பேஸ் பக்கம் சோம்பலாக உருண்டது.
அவுட்.
அவனை மறுபடி யாரும் கூப்பிடவில்லை.

இரவு ஒரு மணிக்கு போன்.
"எண்பத்தொன்று, வெர்னா! எண்பத்தொன்று!"
நல்ல பிட்சருக்கு அது மூன்று இருக்கும்,
சுமாரானவனுக்கு ஐந்து.
எண்பத்தொன்றைச் சொல்லிப் பார்த்தால் சிரிப்பார்கள்.
நானும் சிரித்தேன். அவன் சிரித்த சிரிப்பில்
பின்னால் யாரோ கதவைத் தட்டி அதட்டினார்கள்.

இப்போது எரி பகுதியில் கேஸ் லாரி ஓட்டுகிறான்.
ஒரு காலை எழுந்தால் தோள் வலிக்கிறதாம்,
ஒரு காலை வலிக்கவில்லையாம்,
வலிக்காத நாளில்தான் பயமாக இருக்கிறதாம்.

இன்று புதுப் பையன் வந்தான், ப்ரானன்.
ஏழே எழுத்து, கணக்கருக்குச் சந்தோஷம்.
ஆனால் மூன்று 'என்'.
டப்பாவைக் கவிழ்த்துத் தேடினேன்.
பிறகு அந்த மூன்றையும் எடுத்து
ஒவ்வொன்றாக நிமிர்த்தினேன்.
தடித்தது தன் பழைய வேலைக்குத் திரும்பியது.
மற்ற இரண்டும் கொஞ்சம் ஒல்லி.

பையன் சட்டையை வாங்கினான்,
முதுகைப் பார்க்கவில்லை,
மாட்டிக்கொண்டு ஓடினான்.